பச்சை டேப் ஒட்டிய பானை

ஹயாத்தி எந்தப் பொட்டலத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் அதைத் திருப்பி முதுகைத்தான் பார்ப்பாள். முன்பக்கத்தில் என்ன படம், என்ன விலை என்பதெல்லாம் அப்புறம். பதினான்கு வருடமாக நகோயாவில் இருக்கிறாள். ஜப்பானிய எழுத்துகளில் அவள் முதலில் படிக்கக் கற்றுக்கொண்டது தன் தெருவின் பெயரை அல்ல. பன்றி, மது, ஜெலட்டின், கொழுப்பு ஆகிய சொற்களைத்தான். இந்தோனேசியாவில் மலாங் அவள் ஊர். கணவனுக்குக் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. அவள் சனிக்கிழமைதோறும் தன் நாட்டிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிற முஸ்லிம் பயணிகளை ஓசு கடைவீதியில் சுற்றிக்காட்டுகிறாள். கோயில், பொம்மைக் கடைகள், காமிக்ஸ் கடைகள், வேட உடை விற்கிற மூன்று மாடிக் கடை, மதியச் சாப்பாடு, தொழுகை, மறுபடி பொம்மைக் கடைகள்.

அப்படிப்பட்ட ஹயாத்தி எதையும் திருப்பிப் பார்க்காமல் சாப்பிடுகிற இடம் ஊரில் ஒன்றே ஒன்று இருந்தது. அது ஹட்சுமியின் உடோன் கடை, தடித்த கோதுமை நூடுல்ஸைச் சாற்றில் போட்டுத் தருகிற கடை. ஹட்சுமிக்கு அது தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

சும்மா வந்த கர்வம் அல்ல. போன நவம்பரில் கடைவீதிச் சங்கத் தலைவர் ககெகாவா, ‘முஸ்லிம்களுக்கு உகந்த கடை’ என்று அச்சடித்த பச்சை ஸ்டிக்கர் கட்டோடு வீதி முழுக்க வலம் வந்தார். வாங்கி ஒட்டியவர்களில் பாதிப் பேர் பழரசத்தை மட்டும் பட்டியலில் எழுதிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்கள். ஹட்சுமியால் அது முடியாது. ஒன்றில் இறங்கினால் கழுத்துவரை இறங்குகிற பெண் அவள். முப்பத்திரண்டு பொருள்களைத் தாளில் எழுதி ஹயாத்தியிடம் கொடுத்தாள். இருவரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கறுத்துச் சிவந்த மிசோ என்ற சோயா விழுது தப்பித்தது. சோயா சாற்றை மாற்ற வேண்டியிருந்தது, அதில் கெடாமலிருக்கச் சாராயம் கலந்திருந்தது. இனிப்பு அரிசி மது போய்ச் சர்க்கரை வந்தது. கோழியை மசூதிப் பக்கத்துக் கடையிலிருந்து ஹட்சுமியே சைக்கிளில் போய் வாங்கி வந்தாள். சாறு காய்ச்ச ஒரு புதுப் பானை, புது அகப்பை, புது வெட்டுப்பலகை, பன்னிரண்டு புது மண்சட்டி. எல்லாவற்றிலும் பச்சை டேப். பச்சை டேப் ஒட்டியதைத் தொடுமுன் கையைக் கழுவ வேண்டும் என்று சுவரிலும் எழுதி ஒட்டினாள். சமையலறையில் இருந்ததே இரண்டு பேர். எழுதி ஒட்டியது கணவனுக்காக என்பது அவனுக்கும் தெரியும்.

கணவன் தமோட்சு அந்தக் கடையின் மூன்றாம் தலைமுறைச் சமையல்காரன். வயது ஐம்பத்தெட்டு. அதிகம் பேசமாட்டான். அவன் பேசுவதெல்லாம் பிளாஸ்டிக் ரோபோக்களைப் பற்றித்தான். துண்டு துண்டாக வாங்கி, ஒட்டி, வண்ணம் தீட்டிச் சேர்த்தவை நூற்று நாற்பது இருந்தன. மாடி அறையைத் தொழுகைக்கு ஒதுக்கியபோது அவற்றுக்கு இடம் போயிற்று. தொழுகிறவர்கள் எதிரில் உருவங்கள் நிற்கக் கூடாது என்று ஹயாத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள். தமோட்சு மறுபேச்சுப் பேசாமல் அத்தனையையும் படுக்கையறைக்குத் தூக்கிப் போனான். அன்றுமுதல் ஹட்சுமி தூங்குவது நூற்று நாற்பது ரோபோக்களின் கண்ணெதிரில். அதையும் அவள் பொறுத்துக்கொண்டாள்.

பலன் இருந்தது. சனிக்கிழமைகளில் தலைமுக்காடு போட்ட பெண்கள் கூட்டமாக வந்து, கொதிக்கக் கொதிக்க வருகிற மண்சட்டியைப் பார்த்துக் கூச்சலிட்டு, படம் எடுத்து, வாயைச் சுட்டுக்கொண்டார்கள். “மூடியைத் தட்டு மாதிரி வெச்சு, அதுல எடுத்துப் போட்டுச் சாப்பிடுங்கடி. இந்த ஊர் மூடியில ஓட்டை இருக்காது, அதுக்குத்தான்” என்று ஹயாத்தி கற்றுக்கொடுப்பாள். நகோயாவிலேயே பிறந்தவள் போலத்தான் சொல்வாள்.

அந்த அக்டோபர் பதினைந்தாம் தேதி சனிக்கிழமை. கடைவீதியில் வேட விழா. படக்கதைகளின் பாத்திரங்களாக வேடமிட்டவர்கள் ஒன்றரை மணிக்கு ஊர்வலம் போவார்கள். ஹயாத்தி கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த பன்னிரண்டு பெண்களோடு பதினொன்றரைக்குச் சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தாள். அவர்களில் ஷஸ்வினா என்ற பெண், தமோட்சு சிறு வயதிலிருந்து விரும்புகிற ஒரு பழைய ரோபோத் தொடரின் விமானியாக வேடமிட்டு வருகிறாள் என்று போன வாரமே படம் அனுப்பியிருந்தார்கள். விமானிக்கு நீல முடி. இவளுக்கு நீல முக்காடு. தமோட்சு அந்தப் படத்தை நாலு தடவை கேட்டு வாங்கிப் பார்த்தான். அன்று காலை படுக்கையறையிலிருந்து அந்த ரோபோவை எடுத்துவந்து, தூசி தட்டி, கல்லாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தான்.

வழக்கமாக அந்த நேரத்தில் ஹட்சுமி சைக்கிளில் கோழி வாங்கப் போயிருப்பாள். விழா நெரிசலுக்குப் பயந்து முதல் நாளே வாங்கிவிட்டதால், அன்று சமையலறையில் வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தாள். மணி பத்தேகால்.

சமையலறைச் சுவரின் உச்சியில் ஒரு சாமி மாடம் உண்டு. கடை தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறது. மாதம் இரண்டு முறை, ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும், காலையில் அதில் அரிசி, உப்பு, தண்ணீர், ஒரு சின்ன வெள்ளைக் கிண்ணத்தில் சாக்கே மது வைத்து இரண்டு முறை கைதட்டிக் கும்பிடுவார்கள். ஹட்சுமி அந்த வீட்டுக்கு வந்து இருபத்தொன்பது வருடம். மாடத்தை அவள் கவனித்தே பல வருடம் ஆகியிருக்கும். சுவரில் கடிகாரம் இருப்பது போல அதுவும் இருந்தது.

தமோட்சு முக்காலியில் ஏறினான். கிண்ணத்தை இறக்கினான். நெற்றியளவுக்கு உயர்த்தி ஒருமுறை தலை தாழ்த்தினான். பிறகு கையைக் கழுவினான். சுவரில் எழுதி ஒட்டியிருந்தபடியே நன்றாகக் கழுவினான். பச்சை டேப் ஒட்டிய பானையின் மூடியைத் திறந்து, கிண்ணத்தில் இருந்ததை அதற்குள் ஊற்றினான்.

ஹட்சுமியின் கத்தி நின்றது.

“இப்ப என்ன ஊத்தினீங்க?”

“சாமிக்கு வெச்சது.”

“அதுல என்ன இருந்துச்சு?”

“சாமிக்கு என்ன வெப்பாங்க? சாக்கேதான்.”

அவன் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தான். அவள் அப்போதும் அசையவில்லை.

“எவ்வளவு நாளா இப்படி ஊத்தறீங்க?”

“எங்கப்பா போனதிலிருந்து. அவரு இருக்கறவரைக்கும் இறக்கி ஒரே மடக்குல குடிச்சுடுவாரு. எனக்குத்தான் ஒரு சொட்டு போனாலே மூஞ்சி வெந்த ஆக்டோபஸ் கணக்கா ஆயிடுமே. சாமிக்கு வெச்சதக் கொட்டவும் கூடாது. சாத்துல ஊத்திட்டா வர்றவங்க வயித்துக்குப் போகுது, புண்ணியம்.”

“அத அந்தப் பானையிலயா ஊத்தறது!” அவள் குரல் கீச்சென்று வந்தது. “பக்கத்துல பழைய பானை இருக்குல்ல, அதுல ஊத்தித் தொலைக்க வேண்டியதுதானே?”

“முன்ன அதுலதான் ஊத்தினேன். இது வந்தப்புறம் இதுதான் இருக்கறதுலயே சுத்தமான பானை. சாமிக்கு வெச்சத அழுக்குப் பானையிலயா ஊத்துவாங்க?”

அதைச் சொன்னபோது தமோட்சுவின் முகத்தில் குற்ற உணர்ச்சி எள்ளளவும் இல்லை. சொல்லி முடித்து அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் வந்தது. தலையில் கட்டியிருந்த துண்டை மெதுவாக அவிழ்த்தான்.

முப்பத்திரண்டு பொருள்களைத் தாளில் எழுதியவள் அவள்தான். சாமி மாடத்தில் இருப்பதைப் பொருள் என்று அவள் எண்ணவில்லை. ஊற்றுகிறவனும் எண்ணவில்லை. மதுவைப் பார்த்தாலே ஒதுங்குகிறவன் கையால், பதினொரு மாதம், மாதத்துக்கு இரண்டு முறை, இன்னொரு சாமிக்குப் படைத்த மது முஸ்லிம்களின் பானையில் விழுந்திருக்கிறது. வேண்டுமென்று திட்டம் போட்டாலும் இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க முடியாது.

“விரலளவு கிண்ணம்” என்றான் தமோட்சு. “கொதிச்சா போயிடும், இல்ல?”

ஹட்சுமி பானையின் இரு காதுகளையும் பிடித்துத் தூக்கி, இருபது லிட்டர் சாற்றையும் தொட்டியில் கொட்டினாள். கருவாட்டுச் சீவலும் கடற்பாசியும் போட்டு விடியற்காலையிலிருந்து காய்ச்சிய சாறு. சமையலறை முழுக்க மணம் நிரம்பியது. புதிதாகக் காய்ச்ச மூன்று மணி நேரம் ஆகும். பெண்கள் வர ஒரு மணி நேரம்தான் இருந்தது.

சங்கத் தலைவருக்குப் போன் செய்தாள். ககெகாவா விழா மேடையருகே எங்கேயோ நின்றுகொண்டிருந்தார். பின்னால் மேளச் சத்தம்.

“கொட்டிட்டீங்கல்ல? அப்ப முடிஞ்சுபோச்சு” என்றார். “கதவுல ஒரு தாளு ஒட்டுங்க. ‘சில காரணங்களால் இன்று கிடையாது’ன்னு. நம்ம ஊர்ல அதுக்கு மேல யாரும் கேக்கமாட்டாங்க.”

“இதுக்கு முன்ன சாப்பிட்டவங்க?”

“அவங்களுக்குத் தெரியாதே. தெரியாதவங்களுக்குப் போய்ச் சொல்லி ஏன் மனசக் கெடுக்கணும்? இருபது கடை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு, ஹட்சுமி சான். உங்க ஒரு கடைய மட்டும் நினைச்சுப் பேசாதீங்க.”

போனை வைத்த பிறகு ஹட்சுமி தாள் எழுதி ஒட்டினாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. காரணங்கள் இருந்தன, சில. அப்படித்தான் அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.  முன்பதிவு நோட்டை எடுத்துத் தேதிகளைப் பார்த்தாள். ஜனவரி பதினைந்து, சனிக்கிழமை, எட்டுப் பேர். இரண்டு வாரம் முன்பு, அக்டோபர் ஒன்று, ஒன்பது பேர். நடுவில் ஏப்ரல் பதினைந்து, வெள்ளி. அந்தப் பக்கத்தில் அவள் கையெழுத்தில் ‘ஹயாத்தி குடும்பம், நோன்பு திறப்பு, ஆறு பேர்’ என்று இருந்தது. பக்கத்தில் ஒரு பூவும் வரைந்திருந்தாள். நோட்டை மூடினாள்.

பதினொன்று இருபத்தைந்துக்கே வந்துவிட்டார்கள். கத்தி, இறக்கை, வெள்ளிக் கவசம் என்று பன்னிரண்டு பெண்களும் தெருவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். நீல முக்காடு போட்ட ஷஸ்வினா கையில் தலைக்கவசத்தை இடுக்கியிருந்தாள். ஹயாத்தி தாளைப் படித்துவிட்டு நேராக உள்ளே வந்தாள். முகத்தில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. கடைக்காரம்மாவை ஊர் வழக்கப்படி ‘ஒகாமி சான்’ என்றுதான் அவள் கூப்பிடுவாள்.

“ஒகாமி சான், தமோட்சு சானுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா? இந்த ஊர்ல ‘சில காரணங்களால்’னு எழுதினா ஒண்ணு சாவு, இல்லாட்டி புருசன் பொண்டாட்டி சண்டை. எது?”

“ரெண்டும் இல்ல. சாறு… இன்னிக்குச் சாறு இல்ல.”

“அவ்வளவுதானா? நான் பயந்துட்டேன். உடோன் இல்லாட்டி போகுது, இருக்கறத எதையாவது குடுங்க. காலையில இருந்து வேஷம் போட்டுக்கிட்டு ஒண்ணும் சாப்பிடாம நிக்குதுங்க. உங்க கையால பச்சத் தண்ணி குடுத்தாலும் கேள்வி கேக்காம குடிக்கச் சொல்லியிருக்கேன்.”

இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். ககெகாவா சொன்ன வழி அந்தச் சிரிப்போடு அடைபட்டுப் போயிற்று. ஹட்சுமி அவள் முழங்கையைப் பிடித்துப் பின்பக்கச் சந்துக்குக் கூட்டிப் போனாள். காலிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். சாமி மாடம், கிண்ணம், ஒன்றாம் தேதி, பதினைந்தாம் தேதி, சுத்தமான பானை. சுற்றிவளைக்காமல் சொன்னாள். சொல்லும்போது ஹயாத்தியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் செருப்பைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“எப்ப இருந்து?”

“பானை வாங்கினதுல இருந்து.”

ஹயாத்தி போனை எடுத்தாள். நாள்காட்டியை விரலால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

“ஏப்ரல் பதினஞ்சு” என்றாள்.

“ஆமா.”

“அன்னிக்கு நோன்பு திறந்தோம். என் மாமியார் ஊர்ல இருந்து வந்திருந்தாங்க. ரெண்டாவது சட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க.”

“ஆமா.”

சந்தில் ஒரு பூனை வந்து பெட்டிகளை மோந்துவிட்டுப் போயிற்று. ஹட்சுமி இடுப்பை வளைத்துத் தலையைத் தாழ்த்தினாள். மன்னிப்புக் கேட்கிற வார்த்தைகள் ஜப்பானிய மொழியில் ஏழெட்டு உண்டு. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்.

“நிமிருங்க” என்றாள் ஹயாத்தி. “தெரியாம சாப்பிட்டா குத்தமில்ல. அது எங்களுக்கு அல்லா சொல்லிவெச்சது. எங்க கணக்க நாங்க பாத்துக்குவோம், அதை விடுங்க.” குரல் உயரவில்லை. “ஆனா ஒண்ணு சொல்றேன். இங்க வந்தவங்க ஒருத்தரும் உங்களக் கேக்கல. என்னத்தான் கேட்டாங்க. அக்கா, சாப்பிடலாமான்னு. நான் சாப்பிடுன்னு சொன்னேன். அவங்க சாப்பிட்டது உங்க உடோன இல்ல, ஒகாமி சான். என் வார்த்தைய.”

ஹட்சுமிக்கு அழுகை வந்தது. இந்த நேரத்தில் அழுதால் தன்னைத் தேற்றுகிற வேலையும் ஹயாத்தி தலையில் விழும் என்று நினைத்து அடக்கிக்கொண்டாள்.

ஹயாத்தி முன்பக்கம் போய்ப் பெண்களிடம் மலாய் மொழியில் சொன்னாள். நீளமாகச் சொல்லவில்லை. ஆரவாரம் அடங்கியது. இறக்கை கட்டிய பெண் ஏதோ கேட்டாள், ஹயாத்தி விரல் நுனியைக் காட்டினாள். கிண்ணத்தின் அளவைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

அப்போது தமோட்சு சமையலறையிலிருந்து வெளியே வந்தான். துண்டை இரு கையிலும் பிடித்துக்கொண்டு அந்தப் பன்னிரண்டு பேருக்கும் முன்னால் வளைந்து நின்றான். ரோபோ விமானி மூன்றடி தூரத்தில் நின்றாள். கல்லா பக்கத்தில் அவளுடைய ரோபோ நின்றது. ஒரு வாரமாக அவன் காத்திருந்த காட்சி. அவன் தலையை நிமிர்த்தவே இல்லை. பெண்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் ஷஸ்வினாவும் தலைக்கவசத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பதிலுக்குக் குனிந்தாள். அவன் அதையும் பார்க்கவில்லை.

“எதையாவது சாப்பிட்டுப் போங்க” என்றாள் ஹட்சுமி. “முட்டை இருக்கு. ஓட்டோட வேகவெச்சுத் தர்றேன். நீங்களே வந்து பாத்துக்கிட்டு நில்லுங்க. ஓட்டுக்குள்ள யாரும் எதையும் ஊத்த முடியாது.”

ஹயாத்தி கொஞ்சம் யோசித்துத் தலையசைத்தாள். சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, முட்டை வேகும்வரை பார்த்தாள். பதினொரு மாதத்தில் அவள் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை. எதிர்க் கடையில் வாழைப்பழம் வாங்கினார்கள். கத்தியும் கவசமுமாக உட்கார்ந்து முட்டை உரித்துத் தின்றுவிட்டு ஊர்வலத்துக்குப் போனார்கள்.

அன்று மாலை ஹட்சுமி கதவிலிருந்த பச்சை ஸ்டிக்கரை உரித்தாள். நல்ல பசை, முழுசாக வரவில்லை. கத்தியால் சுரண்டினாள். ககெகாவா வந்து தலையில் அடித்துக்கொண்டார். “யாருமே கேக்காத கேள்விக்கு ஊரக் கூட்டிப் பதில் சொல்றீங்களே!” என்றார். அவள் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

ஹயாத்தி தன் பயணக் குழுவின் பக்கத்தில் தேதிகளைப் போட்டு எல்லாவற்றையும் எழுதினாள். கடையைத் திட்டவில்லை. ‘சாப்பிடலாம் என்று சொன்னவள் நான், பொறுப்பு என்னுடையது’ என்று முடித்திருந்தாள். ஹட்சுமி அதை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படித்தாள். கீழே வந்த பதில்களையும் விடாமல் படித்தாள். சிலர் வசைபாடியிருந்தார்கள். பெரும்பாலோர் தெரியாமல் நடந்தது என்று விட்டுவிட்டார்கள். ஒருத்தி மட்டும், ‘ஜனவரியில் என் அம்மா அங்கே சாப்பிட்டார், பிப்ரவரியில் இறந்துவிட்டார், இதை நான் யாரிடம் சொல்ல’ என்று எழுதியிருந்தாள். ஹட்சுமி அன்று கடையைத் திறக்கவில்லை.

மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் கையில் பலகாரப் பெட்டியோடு போக வேண்டும். அது வழக்கம். வெறுங்கையோடு போனால் குனிந்தது கணக்கில் வராது. மறுவாரம் ஹட்சுமி பெரிய கடை ஒன்றின் நிலத்தடித் தளத்துக்குப் போய், அடுக்கியிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றில் ஜெலட்டின். ஒன்றில் பிராந்தி. ஒன்றில் எதிலிருந்து எடுத்தது என்று போடாத கொழுப்பு. அவரைப் பருப்பு இனிப்பு தப்பும் என்று நினைத்தாள், அதிலும் கெடாமலிருக்கச் சாராயம். ஒன்பதாவது பெட்டியில் விற்பனைப் பெண் அருகே வந்து, “யாருக்காக அம்மா வாங்கறீங்க?” என்று பணிவாகக் கேட்டாள். ஹட்சுமி கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். பதினான்கு வருடமாக ஹயாத்தி ஒவ்வொரு கடையிலும் இப்படித்தான் நின்றிருப்பாள் என்பது அப்போதுதான் காலில் வலியாக உறைத்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு பெட்டி ஆரஞ்சுப் பழம் வாங்கினாள்.

துறைமுகப் பக்கத்து அடுக்குமாடியில் ஹயாத்தி கதவைத் திறந்தாள். செருப்பு கழற்றுகிற இடத்திலேயே நின்று பேசினார்கள்.

“இவ்வளவு தூரம் வந்து சிரமப்பட்டுட்டீங்க” என்றாள் ஹயாத்தி. “தயவுசெஞ்சு மனசுல வெச்சுக்காதீங்க.”

பழத்தை இரு கையாலும் வாங்கினாள். குனிந்தாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. ஜப்பானியர்கள் ஒருவரைத் தள்ளி நிறுத்தும்போது எவ்வளவு மரியாதையாக நிறுத்துவார்களோ அவ்வளவு மரியாதையாக நிறுத்தினாள். அந்த வித்தையை அவள் நம்மிடமிருந்துதானே கற்றிருப்பாள் என்று ரயிலில் திரும்பும்போது ஹட்சுமி நினைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

நவம்பர் ஒன்றாம் தேதி காலை தமோட்சு வழக்கம்போல முக்காலியில் ஏறிக் கிண்ணத்தை இறக்கினான். ஹட்சுமி பச்சைப் பானைக்கு முன்னால் காவல் நின்றாள்.

“பேசாம அந்தப் படையலையே நிறுத்துங்க.”

“எங்க தாத்தா ஆரம்பிச்சது. நான் நிறுத்தமாட்டேன்.”

“அப்ப தொட்டியில கொட்டுங்க.”

“சாமிக்கு வெச்சதச் சாக்கடையிலயா?”

இருவரும் கிண்ணத்தைப் பார்த்தார்கள். தமோட்சு பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டான். இருமினான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காது சிவந்தது, கழுத்து சிவந்தது, வழுக்கைத் தலைவரை சிவந்தது.

“செஞ்சவன் வயித்துக்குள்ளயே போகட்டும்” என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அன்று பகல் முழுக்க அவனுக்குத் தலைவலி. பதினைந்தாம் தேதியும் அதே கதை.

ஸ்டிக்கர் போய்விட்டாலும் ஹட்சுமி பச்சைப் பானையில் தினம் சாறு காய்ச்சினாள், பழைய இருபது லிட்டர் இல்லை, நாலு சட்டிக்கு ஆகிற அளவு. யாரும் வரவில்லை. மாலையில் இருவருமே அதைச் சாப்பிட்டார்கள். “எதுக்கு இந்த வீண் வேலை?” என்று தமோட்சு கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவன் இல்லை.

டிசம்பர் ஒன்றாம் தேதி, வியாழக்கிழமை, பதினொரு மணிக்குக் கடையைத் திறந்ததும் ஹயாத்தி உள்ளே வந்தாள். தனியாகத்தான் வந்தாள். சுவரோர மேசையில் உட்கார்ந்து குளிருக்குப் போட்டிருந்த கையுறையைக் கழற்றினாள்.

“பச்சைப் பானை இருக்கா?”

“இருக்கு” என்றாள் ஹட்சுமி. 

“ஒண்ணு குடுங்க. அதுக்கு முன்னாடி எல்லாத்தையும் கொண்டாங்க, பாக்கணும்.”

ஹட்சுமி கொண்டுவந்து வைத்தாள். சோயா சாறு புட்டி, மிசோ டப்பா, சர்க்கரைப் பை, கடற்பாசிப் பொட்டலம், கோழிக்கடை ரசீது. ஹயாத்தி ஒவ்வொன்றாகத் திருப்பி, சின்ன எழுத்தைக் கண்ணருகே பிடித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். போன வருட நவம்பரிலும் இதே மேசையில்தான் படித்தாள். நடுவில் ஒரு வருடமே இல்லாதது போல இருந்தது. ஹட்சுமி தட்டை மார்போடு பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். வலித்தது. வலிக்கட்டும் என்று நின்றாள்.

சட்டியைத் தமோட்சுவே எடுத்துவந்தான். மேசையில் வைத்துவிட்டுக் குனிந்தான். ஹயாத்தி நிமிர்ந்து பார்த்தாள். முகம், காது, கழுத்து, தலை எல்லாம் ஒரே சிவப்பு. கண்ணில் நீர் கோத்திருந்தது.

“ஐயோ, காய்ச்சலா?”

“இல்ல” என்றாள் ஹட்சுமி. “இன்னிக்கு ஒண்ணாந்தேதி.”

ஹயாத்திக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சமையலறை வாசல் வழியாக எட்டிப் பார்த்தாள். மாடத்தில் அரிசியும் உப்பும் தண்ணீரும் இருந்தன. வெள்ளைக் கிண்ணம் தொட்டியோரம் கவிழ்ந்து கிடந்தது. மறுபடி தமோட்சுவின் முகத்தைப் பார்த்தாள்.

“அந்த விரலளவு கிண்ணத்துக்கா இப்படி?”

“அதுக்கேதான்.”

“மாசம் ரெண்டு தடவையா?”

“சாகறவரைக்கும்” என்றான் தமோட்சு, தரையைப் பார்த்தபடி.

ஹயாத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் நிற்கவில்லை, தோள் குலுங்கச் சிரித்தாள். தமோட்சு இன்னும் சிவக்க முடியுமென்று யாரும் எதிர்பார்க்கவில்லை, சிவந்தான். ஹட்சுமிக்குச் சிரிப்பும் வந்தது, ஒன்றரை மாதமாக அடக்கி வைத்த அழுகையும் வந்தது. எதற்கு இடம் கொடுப்பதென்று தெரியாமல் தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

சிரித்து ஓய்ந்ததும் ஹயாத்தி கண்ணைத் துடைத்தாள். மேசையில் மிளகாய்த்தூள் டப்பா மட்டும் பாக்கி இருந்தது. அதையும் எடுத்துத் திருப்பி, கடைசி வரிவரை படித்துவிட்டு வைத்தாள். பிறகு சட்டியின் மூடியைத் திறந்து, மேசையில் கவிழ்த்து வைத்து, அதில் உடோனை எடுத்துப் போட்டு ஊதி ஆற்றினாள்.